ஒட்டுத் தெரியாமல் ஒரு படத்தை அடுக்குவது எப்படி? பிக்சல் கணக்கிலிருந்து அச்சு மேசை வரை

ஆந்திராவில் தமிழக எல்லையோரம் இருக்கும் நகரிக்காரர்களுக்கு ரிப்பீட் (ஒரே டிசைன் துண்டு திரும்பத் திரும்ப வருவது) என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. விசைத்தறியும் சாயமும் புழங்குகிற ஊர் இது. வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, டிசைன் வாங்க வருகிறவர்களிடம் இரண்டும் கலந்த பேச்சு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். என் பெரியப்பா அச்சு மேசைக்காரர். நீண்ட மேசையில் துணியை ஒட்டி, சட்டம் பூட்டிய ஸ்கிரீனை நகர்த்தி நகர்த்தி, ஒரு முழம்கூட இல்லாத சதுரத்தை வைத்துக்கொண்டு ஒரு முழுப் புடவையை நிரப்பிவிடுவார். நான் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறேன். அந்த டிசைன் முழுத்துணியாக எப்படி இருக்கும் என்று திரையில் காட்டும் மென்பொருளையும் எழுதுகிறேன். அவர் வேலையும் என் வேலையும் ஒன்றுதான்: ஒரு துண்டுப் படம், அதை வைத்து எல்லையில்லாத பரப்பு.

படத்தை வரிசையாக ஒட்டினால் போதாதா என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்படி ஒட்டி ஒரு அச்சு யூனிட்டுக்கு அனுப்பிய அடர் அரக்கு டிசைனில் 16 செ.மீ.க்கு ஒருமுறை மெல்லிய வெளிர்கோடு விழுந்தது. சாம்பிள் துணியிலேயே கண்டுபிடித்ததால் பிழைத்தோம். அந்தக் கோடு ஏன் வந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் கணக்கு முழுவதையும் படித்தேன். சொந்தமாகக் கிராஃபிக்ஸ் நிரல் எழுதுகிறவர்களுக்கும், எழுதாவிட்டாலும் தங்கள் டிசைனில் கோடு விழுகிறதே என்று குழம்புகிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

படி 1: கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்

படத்தை அடுக்க இரண்டு வழி. ஒன்று, முத்திரை குத்துவது: டைலை (அந்தத் துண்டுப் படத்தை) எடுத்து முதல் இடத்தில் வை, அடுத்த இடத்தில் வை, வரிசை முடிந்ததும் கீழே இறங்கு. ஆந்திராவின் பெடனா ஊரில் மரக்கட்டை கலம்காரி அடிப்பதும் இப்படித்தான். (காளஹஸ்தி கலம்காரியைப் பேனாவால் கையாலேயே வரைகிறார்கள், அங்கே இந்தப் பிரச்சினையே கிடையாது.)

இரண்டாவது வழியில் திரைப் பிக்சலிடம் போய்க் கேட்கிறோம்: நீ மூலப்படத்தில் எந்த இடத்துக்குச் சொந்தம்? ஒவ்வொரு பிக்சலும் தன் பதிலைத் தானே தேடிக்கொள்கிறது. டைல் நேராக, முழு எண் அளவில், சுழற்றாமல் இருந்தால் முத்திரை வழியும் ஒழுங்காகவே ஓடும். கொஞ்சம் பெரிதாக்கினாலோ சாய்த்தாலோ முத்திரைகளுக்கு நடுவில் சந்து விழும், அல்லது ஒன்றின்மேல் ஒன்று ஏறும். கேள்வி கேட்கும் வழியில் சந்து விழவே முடியாது, ஏனென்றால் பதில் கிடைக்காத பிக்சல் என்று ஒன்று இல்லை.

கணக்கு இப்படி: திரைப் பிக்சலின் நடுப்புள்ளியை எடுங்கள். 30ஆவது பிக்சல் என்றால் 30.5. டிசைனைத் திரைக்குக் கொண்டுவந்த மாற்றத்தை (பெரிதாக்கல், நகர்த்தல், சுழற்றல்) தலைகீழாக்கி அதன்மேல் போடுங்கள். 2.5 மடங்கு பெரிதாக்கியிருந்தால் 30.5 ÷ 2.5 = 12.2. டைலின் அகலம் 8 பிக்சல் என்றால் 12.2இல் ஒரு 8 போக மீதி 4.2. ஆகவே 4ஆம் எண் பிக்சலின் நிறம். (எண்ணிக்கை 0இலிருந்து.)

அந்த 0.5ஐ மறந்தால் படம் முழுவதும் அரைப் பிக்சல் நகர்ந்துவிடும். சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது, பிறகு ஒரு நாள் இரண்டு மென்பொருள்களின் படத்தை ஒன்றின்மேல் ஒன்று வைக்கும்போது தெரியும்.

படி 2: மீதியைச் சரியாக எடுங்கள்

அடுக்குவதன் உயிர் இந்த மீதிக் கணக்கில் இருக்கிறது. நேர் எண்களுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. திரையை இடப்பக்கம் நகர்த்தி 0ஐத் தாண்டியதும் சிக்கல் ஆரம்பிக்கும்.

0க்கு இடப்புறம் ஒரு பிக்சல், அதாவது −1. டைல் அகலம் 8. அங்கே என்ன தெரிய வேண்டும்? முந்தைய டைலின் கடைசிப் பிக்சல், 7. பைதான் மொழியில் −1 % 8 (−1ஐ 8ஆல் வகுத்த மீதி) என்று கேட்டால் 7 என்றே சொல்லும். சி மொழியிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அதே கேள்விக்கு −1 என்று வரும், ஏனென்றால் அவை வகுத்தலைப் பூஜ்யத்தை நோக்கி வெட்டுகின்றன. அந்த −1ஐ வைத்துப் படத்தின் நினைவகத்தைத் தொட்டால் சி நிரல் வேறு யாருடைய இடத்தையோ படிக்கும், ஜாவாஸ்கிரிப்டில் ஒன்றும் கிடைக்காமல் ஓட்டை விழும். சிலர் குறியைத் தூக்கிவிட்டு 1 ஆக்குகிறார்கள். ஓட்டை அடைபடும், ஆனால் பூஜ்யக் கோட்டில் படம் கண்ணாடிபோல் திரும்பிக்கொள்ளும். மயில் இரண்டும் முகத்தோடு முகம் பார்த்து நிற்கும்.

சரியான எழுத்து:

மீதி = ((இடம் % அகலம்) + அகலம்) % அகலம்

அகலம் 2இன் அடுக்காக (8, 16, 256, 512…) இருந்தால் வகுக்கவே வேண்டாம். இடத்தை அகலம் − 1 என்ற எண்ணோடு பிட்டுக்குப் பிட்டு 'அண்ட்' செய்தால் (இரண்டு எண்ணிலும் 1 ஆக இருக்கும் பிட்டை மட்டும் வைத்துக்கொண்டால்) போதும், எதிர் எண்களுக்கும் சரியான விடையே வரும். பழைய விளையாட்டுகளின் படங்கள் எல்லாம் 64, 128, 256 என்றே இருந்ததற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

தசம எண்ணில் மீதி எடுப்பதாக இருந்தால் ஒரு குழி உண்டு. இடம் −0.0000001 என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 கூட்டினால் 7.9999999 வர வேண்டும். 32 பிட் தசம எண்ணுக்கு 8க்குப் பக்கத்தில் அவ்வளவு நுணுக்கம் கிடையாது, அது நேராக 8.0 என்று முழுமையாக்கிவிடும். 8ஆம் எண் பிக்சல் டைலிலேயே இல்லை. லட்சத்தில் ஒரு பிக்சலில் மட்டும் நிகழ்வதால் இந்தப் பிழையைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அதனால் நான் கைக்கொள்ளும் ஒழுங்கு: முதலில் கீழ்முழு எண்ணாக்கு (பின்னம் இருந்தால் அதற்குக் கீழே உள்ள முழு எண்ணுக்கு இறக்கு), பிறகு முழு எண்ணிலேயே மீதி எடு.

படி 3: எல்லைக்கு வெளியே என்ன என்று முடிவு செய்யுங்கள்

மூலப்படத்தின் எல்லை முடிந்தபின் என்ன தெரிய வேண்டும் என்பதற்குக் பல கிராஃபிக்ஸ் நூலகங்கள் (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகள்) நான்கு பதில்களை வைத்திருக்கின்றன. கெய்ரோ என்ற நூலகத்தின் பெயர்களில் சொன்னால்: நன் (வெளியே ஒன்றுமில்லை, ஒளிபுகும் வெறுமை), ரிப்பீட், ரிஃப்ளெக்ட் (ஒன்றுவிட்டு ஒன்று திரும்பிய பிம்பம்), பேட் (ஓரப் பிக்சலின் நிறமே நீண்டுகொண்டு போவது).

ரிஃப்ளெக்டின் கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். அதன் சுழற்சி நீளம் அகலத்தைப்போல் இரு மடங்கு. அகலம் 8 என்றால் 16ஆல் மீதி எடுங்கள், 8க்குக் கீழே இருந்தால் அப்படியே, 8ஓ மேலோ என்றால் 15இலிருந்து கழியுங்கள். 8 என்பது 7 ஆகும், 9 என்பது 6 ஆகும். ஓரங்கள் தாமாகப் பொருந்துவதால் டிசைனில் ஒட்டுப் பிரச்சினை எழாது. ஆனால் பூக்கொடி ஒரே திசையில் ஓட வேண்டிய டிசைனுக்கு ஆகவே ஆகாது. ஒட்டு மறையட்டும் என்று ரிஃப்ளெக்டைப் போட்டுத் தப்பிக்கும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. துணியில் பட்டாம்பூச்சிபோல ஓர் உருவம் தானாக முளைத்துக் கண்ணை இழுக்கும்.

நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது நூலகத்துக்கு நூலகம் மாறும். ஓபன்ஜிஎல் என்ற நூலகத்தில் இயல்புநிலை ரிப்பீட். கெய்ரோவில் படங்களுக்கு இயல்புநிலை நன், கிரேடியன்ட்களுக்கு (ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறும் நிரப்பு) பேட். ஒன்றில் பழகிவிட்டு இன்னொன்றுக்குப் போகிறவர்கள் சறுக்கும் இடம் இது.

படி 4: அடுக்கு எங்கே தொடங்குகிறது?

பெரியப்பாவிடம் நான் முதன்முதலில் மேசையில் நின்ற நாளில், அடித்த சதுரத்தின் ஓரத்தைப் பார்த்து அடுத்த சதுரத்தை வைக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், முன்னாடி அடிச்சதைப் பாத்து அடுத்ததை வெக்காதே. மேசையைப் பாத்து வை."

"ஓரம் பொருந்தணும்ல பெரியப்பா?"

"ஓரத்தைப் பாத்தியானா ஒவ்வொண்ணுலயும் ஒரு மயிரிழை தள்ளும். பத்தாவதுல விரக்கடை தள்ளிடும்."

மேசையின் பக்கவாட்டில் இரும்புத் தண்டு, அதில் ரிப்பீட் அளவுக்கு ஒரு தடுப்பு. தடுப்புகள் எல்லாமே மேசையின் தலைமாட்டிலிருந்து அளந்து முடுக்கியவை. 1, 3, 5 என்று ஒன்றுவிட்டு ஒன்று அடித்து, ஈரம் காய்ந்தபின் 2, 4, 6 அடிப்பார். பக்கத்துச் சதுரம் இன்னும் அடிக்கப்படாமலே இருக்கும்போது அதைப் பார்த்து வைப்பது எப்படி? மேசைதான் சாட்சி.

நிரலிலும் இதேதான். அடுத்த டைலின் இடத்தை 'முந்தைய இடம் + அகலம்' என்று கூட்டிக்கொண்டே போகாதீர்கள். 'தொடக்கம் + எண் × அகலம்' என்று ஒவ்வொரு முறையும் தலைமாட்டிலிருந்து அளவெடுங்கள்.

அந்தத் தலைமாடு எது என்பதிலும் நூலகங்கள் வேறுபடுகின்றன. பிரவுசரின் கேன்வாஸில் (நிரல் வழியே வரையும் பரப்பு) பேட்டர்ன், அதாவது அடுக்கி நிரப்பும் டைல், கேன்வாஸின் மூலைக்குக் கட்டுப்பட்டது, நீங்கள் நிரப்பும் பெட்டிக்கு அல்ல. பெட்டியை 3 பிக்சல் தள்ளி வரைந்தால் பெட்டி நகரும், உள்ளே பூ நகராது. சன்னலை நகர்த்தினாலும் வெளியே மலை அங்கேயே நிற்பதுபோல இருக்கும். பெட்டியோடு பூவும் நகர வேண்டுமானால், வரைவதற்கு முன் ஆயத்தையே (இடங்களை எண்ணும் தொடக்கப்புள்ளியையும் திசைகளையும்) அங்கே நகர்த்துங்கள், அல்லது பேட்டர்னுக்கென்று தனி மாற்றம் கொடுங்கள். பிடிஎஃப்பில் பேட்டர்ன் பக்கத்தின் அடிப்படை ஆயத்துக்குக் கட்டுப்பட்டது, வரையும்போது இடையில் நீங்கள் செய்த சுழற்றலை அது கண்டுகொள்ளாது. எஸ்விஜி என்ற பட வடிவில் இரண்டு வகையும் உண்டு, எது வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். புடவையின் உடலும் முந்தானையும் தனித்தனிப் பெட்டிகளாக இருந்து பூக்கள் எல்லையில் ஒட்டாமல் போனால், முதலில் இந்தத் தலைமாட்டைப் பாருங்கள்.

படி 5: பக்கத்துப் பிக்சலைக் கேட்கும்போதும் சுற்றி வாருங்கள்

பெரிதாக்கும்போது ஒரே பிக்சலின் நிறத்தை எடுத்தால் படம் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் பக்கத்துப் பிக்சல்களையும் விகிதப்படி கலக்கிறோம். பைலீனியர் என்றால் நான்கு பிக்சல், நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு. நான் பார்த்த கோடுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் பிறக்கின்றன. ஆகவே ஒரே ஓர் உதாரணத்தை மெதுவாகப் பார்ப்போம்.

டைல் அகலம் 8. கேள்வி கேட்டதில் கிடைத்த இடம் 0.2, டைலின் இடது ஓரத்துக்கு மிக அருகில். 0ஆம் பிக்சலின் நடு 0.5இல் இருக்கிறது. அதற்கு இடப்புறப் பிக்சலின் நடு −0.5இல். நம் புள்ளி இரண்டுக்கும் இடையில், 0ஆம் பிக்சல் பக்கமாக. கணக்கு: 0.2 − 0.5 = −0.3. கீழ்முழு எண் −1, மிச்சம் 0.7. ஆகவே −1ஆம் பிக்சலில் 30 சதவீதம், 0ஆம் பிக்சலில் 70 சதவீதம்.

இப்போது −1 என்றால் யார்? ரிப்பீட் ஆனால் 7ஆம் பிக்சல். வலது ஓரத்து நிறத்தில் 30 பங்கு கலந்து ஒட்டு இழைந்துவிடும். பேட் ஆனால் −1ம் 0தான், கலப்பே நடக்காது, ஓரத்தில் நிறம் சட்டென்று மாறும். நன் ஆனால் −1 வெறுமை, 30 சதவீதம் ஒளி ஊடுருவும், ஓரம் வெளுக்கும்.

மூன்று முடிவும் ஒரே புள்ளியில். சாதாரண அளவில் வித்தியாசம் தெரியாது. 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் ரிப்பீட்டில் எதுவும் தெரியாது, பேட்டில் ஒட்டு கத்தி வெட்டியதுபோல் தெரியும், நன்னில் டைலுக்கு டைல் மங்கலான கட்டம் தெரியும்.

பொதுவாக நேரும் தவறு இது: இடத்தை முதலில் மீதி எடுத்து 0க்கும் 8க்கும் நடுவில் கொண்டுவந்துவிட்டோமே, இனி கவலையில்லை என்று நினைத்து, பக்கத்துப் பிக்சலுக்கு +1 போட்டு நேரே படிப்பது. 7ஆம் பிக்சலின் பக்கத்துப் பிக்சல் 8. அது இல்லை. மீதி எடுக்க வேண்டியது இடத்தை அல்ல, கலக்கப்போகும் ஒவ்வொரு பிக்சலின் எண்ணையும். நான்கு பிக்சல் என்றால் நான்கையும் தனித்தனியாகச் சுற்றவிட வேண்டும்.

டைலைத் தனியாக ஒரு படமாகச் சுருக்கிவிட்டு, சுருங்கியதை அடுக்கும்போதும் இதே கதை. சுருக்கும் வடிகட்டிக்கு டைலின் வலது ஓரத்துக்கு அப்பால் இடது ஓரம் இருக்கிறது என்று தெரியாது. நூலகத்தில் வழி இல்லை என்றால் டைலை 3×3ஆக அடுக்கி, அதைச் சுருக்கி, நடுச் சதுரத்தை மட்டும் வெட்டி எடுங்கள். கொஞ்சம் வீண் செலவுதான், ஆனால் தப்பாது. சுருங்கிய அளவு முழு எண்ணாகவும் இருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த படியில் சொல்லப்போகும் கோடு வரும். இணையப் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் பின்புலப் படத்துக்கு 'ரவுண்ட்' என்று ஒரு முறை உண்டு. பெட்டிக்குள் முழு எண்ணிக்கையில் டைல்கள் அடங்கும்படி அதுவே அளவைச் சரிசெய்துகொள்ளும்.

படி 6: வெளிர்கோடு எங்கிருந்து வருகிறது

என் அரக்கு டிசைனுக்கு வருகிறேன். டைல் 16 செ.மீ. சதுரம். 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) அது எத்தனை பிக்சல்? 160 ÷ 25.4 × 300 = 1889.76. நான் முத்திரை வழியில் அடுக்கியிருந்தேன். முதல் டைலின் வலது ஓரம் 1889ஆம் பிக்சலுக்குள், 0.76 தூரத்தில் முடிகிறது. இரண்டாவது டைல் அங்கேதான் தொடங்குகிறது.

ஓரம் பல்பல்லாகத் தெரியக்கூடாது என்று மென்பொருள் அந்தப் பிக்சலை விகிதப்படி நிரப்புகிறது. முதல் டைல் 76 சதவீதம் அடர்த்தியாகப் பூசியது. அடியில் வெள்ளை, 24 சதவீதம் மிச்சம். இரண்டாவது டைல் 24 சதவீத அடர்த்தியாக அதன்மேல் பூசியது. 76ம் 24ம் சேர்ந்து 100 என்று நினைப்போம். ஆனால் இரண்டாவது பூச்சு, மிச்சமிருந்த வெள்ளை முழுவதையும் மூடுவதில்லை, அதில் 24 சதவீதத்தை மட்டுமே மூடுகிறது. 0.24 × 0.76 = 0.18. அந்தப் பிக்சலில் 18 சதவீதம் வெள்ளை தங்கிவிட்டது. ஓரம் சரியாகப் பாதிப் பிக்சலில் விழுந்தால் 0.5 × 0.5, 25 சதவீதம் தங்கும். அதுதான் மோசமான நிலை.

இரண்டு பூச்சும் ஒரே பிக்சலின் வெவ்வேறு பாதிகளை மூடுகின்றன என்பது அடர்த்தி எண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு என்று அதற்குத் தெரியும், எங்கே என்று தெரியாது. பிடிஎஃப் காட்டும் மென்பொருள்களில் பூ வேலைப்பாட்டின் நடுவே மயிரிழைக் கோடுகள் தெரிந்து, பெரிதாக்கினால் இடம் மாறி, அச்சில் சில சமயம் காணாமல் போவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். என் விஷயத்தில் அந்தக் கோட்டைப் படத்தோடு படமாகத் தட்டையாக்கிச் சேமித்துவிட்டேன், அதனால் அச்சிலும் வந்தது.

தீர்வுகள், எனக்குப் பிடித்த வரிசையில்: முத்திரை வழியை விட்டுவிட்டு, முழுப் பரப்பையும் ஒரே வடிவமாக ரிப்பீட் பேட்டர்னால் நிரப்புங்கள். உள்ளே ஓரமே கிடையாது, கலப்பும் கிடையாது. அது முடியாவிட்டால் டைல்களின் இடங்களை முழுப் பிக்சலுக்குக் கொண்டுவாருங்கள். அதுவும் முடியாவிட்டால் டைலின் ஓரத்தில் ஒரு பிக்சல் கூடுதலாக வைத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறவிடுங்கள். இந்த மூன்றாவது வழி ஒளிபுகும் டிசைன்களுக்கு உதவாது, ஏறிய இடம் கருத்துக் காட்டும்.

முழுப் பிக்சலுக்குக் கொண்டுவரும்போது பெரியப்பா சொன்னதை மறக்காதீர்கள். 1889.76ஐ 1890 ஆக்கி, 1890 1890ஆகக் கூட்டிக்கொண்டே போனால் ஐந்தரை மீட்டர் சொச்சத்துக்கு, அதாவது 35 டைலுக்கு, 8 பிக்சலுக்கு மேல் தள்ளிப்போகும். துணியில் 0.7 மி.மீ. 'எண் × 1889.76' என்று பெருக்கி ஒவ்வொன்றையும் தனியே முழுமையாக்கினால் எந்த டைலும் அரைப் பிக்சலுக்கு மேல் தவறாது.

அச்சுக்குப் போகும் டிசைனில் இதைவிட நல்ல வழி, பின்னமே வராத அளவில் தொடங்குவது. ரோட்டரி ஸ்கிரீன் உருளையின் வழக்கமான சுற்றளவு 64 செ.மீ. ரிப்பீட் அதைச் சரியாக வகுக்க வேண்டும்: 64, 32, 16, 8. 300 டிபிஐயில் 64 செ.மீ. என்பது 7559.06 பிக்சல். டிபிஐயை 254 ஆக்குங்கள். ஒரு அங்குலம் 25.4 மி.மீ. என்பதால் ஒரு மில்லிமீட்டருக்குச் சரியாக 10 பிக்சல் வரும். 64 செ.மீ. 6400 பிக்சல், 16 செ.மீ. 1600 பிக்சல். பின்னம் ஒழிந்தது. அந்தச் சாம்பிளுக்குப் பிறகு துணி டிசைனை நான் 254இல் மட்டுமே திறக்கிறேன்.

படி 7: அரை இறக்கம்

நேர் ரிப்பீட்டில் பூக்கள் பட்டாளம்போல் நிற்கும், தூரத்திலிருந்து பார்த்தால் வரிசை வரிசையாகக் கோடு தெரியும். அதனால் ஒரு பத்தி விட்டு ஒரு பத்தியைப் பாதி உயரம் கீழே இறக்குகிறார்கள். ஹாஃப் டிராப் என்பார்கள். நூலகங்களில் இதற்கென்று தனி வசதி பெரும்பாலும் இருக்காது. கேள்வி கேட்கும் வழியில் ஒரே வரி: பத்தி எண் = கீழ்முழு(குறுக்கிடம் ÷ அகலம்), அது ஒற்றைப்படை என்றால் நெடுக்கிடத்தோடு உயரத்தில் பாதியைக் கூட்டிவிட்டுப் பிறகு மீதி எடு. எதிர் எண்ணில் ஒற்றைப்படையா என்று பார்க்கும்போது படி 2இன் குறிச் சிக்கல் மறுபடியும் வரும், கவனம். சி மொழியில் −3 % 2 என்பது −1, 1 அல்ல.

நிரலைத் தொடாமலே செய்ய, இரண்டு மடங்கு அகலத்தில் புதிய டைல் ஒன்று செய்யுங்கள். இடப் பாதியில் மூலப்படம், வலப் பாதியில், அரை உயரம் கீழே தள்ளி, கீழே வெளியேறியதை மேலே சேர்த்த மூலப்படம். இதைச் சாதாரண ரிப்பீட்டில் போட்டால் அரை இறக்கம் கிடைக்கும். உயரம் இரட்டைப்படைப் பிக்சலாக இருக்கட்டும்.

படி 8: வேகம்

பிக்சலுக்குப் பிக்சல் வகுத்துக்கொண்டிருந்தால் பெரிய திரையில் இழுத்து நகர்த்தும்போது திணறும். சுழற்றல் இல்லாத நேர் அடுக்கில் ஒரு வரிக்கு ஒருமுறை மட்டும் மீதி எடுத்தால் போதும். எந்தப் பிக்சலில் தொடங்குவது என்று தெரிந்தபின் டைலின் மிச்ச நீளத்தை ஒரே மூச்சில் நகலெடுத்து, அடுத்து முழு டைல், முழு டைல் என்று போகலாம்.

டைல் மிகச் சிறிதாக, 4 அல்லது 8 பிக்சலாக இருந்தால் இந்த வழியும் மெதுவாகும், ஏனென்றால் வேலையைவிட வேலைக்கு ஆயத்தம் செய்வதே அதிகம். கெய்ரோவுக்குக் கீழே பிக்சல் வேலையைச் செய்யும் பிக்ஸ்மேன் நூலகத்தில் இதற்கு ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. அதன் நேரடி அடுக்கு வழியில், மூலப்படத்தின் அகலம் 32 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால், ஒவ்வொரு வரியையும் முதலில் நீளமாக நகலெடுத்து வைத்துக்கொண்டு, அந்த நீண்ட வரியை மூலமாக வைத்து அடுக்குகிறது. நீங்களே எழுதுவதானால் இரட்டிப்பு வழி நல்லது: 8 பிக்சலை எழுது, எழுதியதையே நகலெடுத்து 16 ஆக்கு, அதை 32. ஏழே இரட்டிப்பில் 1024 பிக்சல் நிரம்பிவிடும். வரிகளையும் அப்படியே கீழ்நோக்கி இரட்டிக்கலாம்.

படி 9: ஜிபியூவிடம் கொடுக்கும்போது

ஜிபியூவில் (படக் கணக்குக்கென்றே உள்ள சில்லு) இடங்கள் 0இலிருந்து 1 வரை, ஒவ்வொரு முழு எண்ணும் ஒரு டைல். சுற்றுவதும் கலப்பதும் வன்பொருளே சரியாகச் செய்துவிடும், படி 5 பற்றிய கவலை இல்லை. ஆனால் மூன்று குழிகள் உண்டு.

ஓபன்ஜிஎல் இஎஸ் 2.0, அதை ஒட்டி 2011இல் வந்த முதல் வெப்ஜிஎல், இரண்டிலும் 2இன் அடுக்கல்லாத அளவுள்ள படத்துக்கு ரிப்பீட் கிடையாது. 1600 × 1600 டைலுக்கு ரிப்பீட் கேட்டால் நிரல் பிழை என்று நிற்காது, படம் கறுப்பாகத் தெரியும். 2017இல் வந்த வெப்ஜிஎல் 2இல் இந்தத் தடை இல்லை.

பல டைல்களை ஒரே பெரிய படத்துக்குள் அடுக்கி வைத்து (அட்லஸ்), ஷேடரில் (ஜிபியூவில் ஓடும் சிறு நிரல்) பின்னப் பகுதியை மட்டும் எடுத்துச் சுற்றவைத்தால் ஒட்டில் ஒரு பிக்சல் அகலத்துக்கு அழுக்குக் கோடு வரும். எந்த அளவு மிப்மேப்பை (முன்பே சுருக்கி வைத்த நகலை) எடுப்பது என்பதை ஜிபியூ பக்கத்துப் பிக்சல்களின் இட வித்தியாசத்தை வைத்து முடிவு செய்கிறது. ஒட்டில் அந்த எண் 0.99இலிருந்து 0.01க்குத் தாவுகிறது. படம் வெகுதூரத்தில் இருக்கிறது என்று ஜிபியூ எடுத்துக்கொண்டு மிகச் சிறிய, எல்லாம் கலந்த மிப்மேப்பைப் படிக்கிறது. பின்னம் எடுப்பதற்கு முன்னிருந்த இடத்தின் வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அதை நீங்களே கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, எண்ணின் நுணுக்கம். இடம் 1,00,000 என்று போனால் 32 பிட் தசம எண்ணில் அடுத்தடுத்த எண்களின் இடைவெளி 1/128. ஒரு டைலுக்குள் 128 இடங்களைத்தான் சுட்ட முடியும். 512 பிக்சல் டைல் நான்கு நான்கு பிக்சலாகத் தாவும். முழு எண் பகுதியை ஜிபியூவுக்கு அனுப்பும் முன்பே கழித்துவிடுங்கள்.

படி 10: டைலையும் நிரலையும் சோதியுங்கள்

டைலைச் சோதிக்க: அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி என்று தள்ளி, ஒரு பக்கம் வெளியேறுவதை மறுபக்கம் வரவிடுங்கள். ஃபோட்டோஷாப், ஜிம்ப் இரண்டிலும் ஆஃப்செட் என்ற பெயரில் இருக்கிறது. நான்கு ஓரமும் நடுவில் சிலுவையாக வந்து சேரும், ஒட்டு எங்கே துருத்துகிறது என்று கண்ணெதிரே தெரியும். டைலை ஜேபெக்காகச் சேமிக்காதீர்கள். அது 8×8 கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது, வலது ஓரத்துக்குப் பக்கத்தில் இடது ஓரம் வரப்போகிறது என்பது அதற்குத் தெரியாது, பொருந்திய ஓரங்கள் லேசாகப் பிசகும். பிஎன்ஜி போதும்.

நிரலைச் சோதிக்க நான் வைத்திருக்கும் டைல் 8×8 சாம்பல். இடது ஓரப் பத்தி சிவப்பு, வலது ஓரப் பத்தி நீலம், மேல் வரி மஞ்சள், கீழ் வரி பச்சை. இதை மூன்று விதமாக வரைந்து பார்ப்பேன். தொடக்கத்தை −3.7இல் வைத்து ஒன்று, 1.37 மடங்கு பெரிதாக்கி ஒன்று, 17 பாகை சாய்த்து ஒன்று. கலப்பை நிறுத்தி வரைந்தால் சிவப்புப் பட்டைக்கு இடப்புறம் எப்போதும் நீலமே இருக்க வேண்டும். அங்கே நீலம் இல்லாமல் சாம்பலோ ஓட்டையோ வந்தால் குறிச் சிக்கல், படி 2க்குப் போங்கள். கலப்பை இயக்கினால் இரண்டுக்கும் நடுவில் ஊதா தெரிய வேண்டும். ஊதா இல்லாமல் வெட்டாக மாறினால் படி 5. இரண்டுக்கும் நடுவில் பின்னணி எட்டிப் பார்த்தால், சாய்த்த படத்தில் அது படிக்கட்டுபோல நீளும். அது படி 6.